பதியம்

மதிலை இடித்துக் கட்டப் போவதாகப் பேச்சு வந்ததிலிருந்து வடிவுக்கு அதில் படர்ந்திருந்த கிருஷ்ணகமலக் கொடியின் கவலைதான். அவள் புருஷனின் முதல் மனைவி, சாவதற்கு முந்தின வருடம் வைத்த கொடி அது. கிள்ளி நட்ட குச்சிகளெல்லாம் அழுகிப்போயின. ஒரு காலையில்தான் காரணம் தெரிந்தது. இறந்தவளின் மகள் சங்கவி குச்சியைப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி செருகிக்கொண்டிருந்தாள். வடிவை இதுவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடாத பெண். வடிவு கொடியை அறுக்காமலே வளைத்து, நடுத்தண்டைத் தொட்டி மண்ணில் புதைத்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

"வேர் விடுற வரைக்கும் தாய்கிட்டயே பால் குடிக்கட்டும்" என்றாள், பொதுவாக.

மதிலிடிக்க ஆள் வந்த அன்று, தாய்க்கொடியிலிருந்து தண்டை அறுத்துத் தொட்டியைத் தள்ளி வைத்தாள் வடிவு. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தாள். குழவி தரையில் கிடந்தது. சங்கவி தொட்டியருகே குத்தவைத்துத் தண்டைப் பிடித்திருந்தாள். வடிவு பதறி ஓடினாள்.

"நல்லா இழுத்துப் பாத்துட்டேன்" என்றாள் சங்கவி. "வர மாட்டேங்குது, சித்தி."

இடிந்த மதிலின் செங்கல் குவியல்மீது வடிவு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.