விருது வாங்கிய ஏழு படங்கள்

படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தின் தகரக் கூரையில் தடதடவென்று சத்தம் கேட்டது.

"யாரு மேல?" என்று கத்தினான் இந்திரஜித்.

"நான்தாங்க, ரமேஸ்!" கூரையிலிருந்து பதில் வந்தது. "படம் கட்டம் கட்டமா ஒடையுதுல்ல, டிஷ்ஷக் கொஞ்சம் திருப்பிப் பாக்குறேன்."

இந்திரஜித்துக்கு வந்ததே கோபம், படத்தையே நிறுத்திவிட்டான்.

"மொதல்ல எறங்குங்க! இது டிஷ்ல வர்ற நாடகமில்ல. ஏழும் விருது வாங்கின அனிமேஷன் படம். பரிசோதனைப் படம். அது இப்பிடித்தான் இருக்கும்."

"அப்ப சரிங்க சார்" என்று ரமேஸ் இறங்கி வந்து உட்கார்ந்தான்.

இந்திரஜித்தின் குடும்பத்துக்குப் பதுளையில் துணிக்கடை. ஆனால் அவனுக்குக் கடையைவிடத் தன் திரைப்பட வட்டம்தான் பெரிது. கொழும்பில் ஒரு கலை நிறுவனம் இந்த ஏழு குறும்படங்களையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தது. தோட்டத்து மக்களுக்குக் காட்டி, பார்த்தவர்களிடம் கருத்துத் தாள் வாங்கி அனுப்ப வேண்டும். நல்ல கருத்து வந்தால் அவனை வெளிநாட்டுப் படவிழாவுக்கு அனுப்புவார்கள். மண்டபம் கேட்டுப் பேசும்போதே இதைத் தோட்டத் தலைவர் முருகையாவிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தான்.

அவரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னலுக்கெல்லாம் கொழுந்துச் சாக்கைக் கட்டி இருட்டாக்கி, அறுபது பேரைக் கூட்டிவிட்டார்.

படம் மறுபடி ஓடியது. சிவப்பும் பச்சையுமாகச் சதுரங்கள் திரையில் துள்ளின. நடுநடுவே பட்டை பட்டையாகக் கோடுகள். பின்னணியில் ஒரு வயலின் மட்டும் ஒழுங்காக அழுதுகொண்டிருந்தது.

முன்வரிசையில் இருந்த ஜெயந்தினி கேட்டாள். மலையில் கொழுந்தெடுக்கிறவள், மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

"சார், இதுல ஆளுக யாரும் வர மாட்டாங்களா?"

"ஆள் வந்தாத்தான் படமா? இது தனிமையப் பத்தின படம். அந்தச் சதுரம் இருக்குல்ல, அதுதான் தனிமை."

"சதுரம் நெறைய இருக்குங்களே?"

மண்டபமே சிரித்தது. இந்திரஜித் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் பாத்துப் பழகணும். ஒங்களுக்கு எடுத்த எடுப்புல வெளங்காது. பேசாமப் பாருங்க."

சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் முருகையா எழுந்து பின்வரிசைக்குப் போய் ஏதோ குசுகுசுத்தார். அது வரிசை வரிசையாக முன்னால் வந்து சேர்ந்தது. அதன்பிறகு ஒருவர்கூட இருமவில்லை. ஒன்றேமுக்கால் மணி நேரம் அத்தனை பேரும் சதுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது படம் முடிந்ததும் கைத்தட்டல் கூரையைத் தூக்கியது.

கருத்துத் தாள்கள் வந்தன. அறுபதிலும் ஒரே கருத்து: 'மிக நன்று.'

இந்திரஜித்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா தலைவரே, எடுத்துச் சொன்னா எல்லாருக்கும் வெளங்குது!"

"ஆமாங்க தம்பி" என்று சொல்லி, ப்ரொஜெக்டரை வேன் வரை தூக்கிவந்து வைத்தார் முருகையா.

பதுளைக்கு வந்ததும் தங்கை நிரோஜாவிடம் ஒன்றுவிடாமல் அளந்தான். "ஒண்ணுமே தெரியாத சனத்துக்கு அந்தப் படத்த வெளங்க வச்சிட்டேன், தெரியுமா?"

"அப்பிடி என்னதான் படம்?" என்று அவள் பென் டிரைவை டிவியில் செருகினாள்.

முதல் படத்தில் மெழுகால் செய்த ஒரு பெண், சுவர் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் அவளுடைய விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உருகின. ஒரு சதுரம் கிடையாது. ஒரு கோடு கிடையாது.

இந்திரஜித் டிவிக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தான்.

"என்னண்ணா, நீ பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. நடுவர்கள் எழுதிய குறிப்புகளை மட்டும் நெட்டில் படித்துவிட்டுப் போயிருந்தான். ப்ரொஜெக்டருக்குப் போன வயரில் கோளாறு என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. முருகையாவுக்கு ஃபோன் போட்டான்.

"தலைவரே, இன்னைக்குப் படம் சரியா வரலைன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமங்களா தம்பி? மழை பேஞ்சா எங்க லயத்து வீடுகள்ல டிவி அப்பிடித்தானே வருது. எல்லாருக்கும் தெரியும்."

"பின்ன ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"ரமேஸ் சொன்னான், ஏசிட்டீங்க. ஜெயந்தினி கேட்டுச்சு, அதுக்கும் கோவப்பட்டீங்க. அத்தன பேரு முன்னுக்கு மறுபடி சொன்னா ஒங்களுக்குத்தானே அசிங்கம்? தாள்ல கொறையா எழுதினா ஒங்க பயணமும் நின்னு போயிரும். அதான், யாரும் எந்திரிக்காம இருந்து நல்லதா எழுதிக் குடுங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

இந்திரஜித் மேசையில் கிடந்த கருத்துத் தாள்களைப் புரட்டிப் பார்த்தான்.

"நல்லபடியா போயிட்டு வாங்க தம்பி" என்றார் முருகையா. "வந்தப்பறம் இன்னொரு தடவ இங்க வாங்க. அந்த ஏழு படத்தையும் நாங்களும் பாக்கணும்ல."