கழற்றிக் கொடுத்த சாமான்கள்

வேன் வந்து நின்றது மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தெரியவில்லை.

ஸ்கூல் வேன் ஓட்டும் நேசராணி கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். பனிமூட்டத்தில் லயத்துப் படிக்கட்டின் அடிப்படிகள் மட்டும்தான் தெரிந்தன. மற்ற நாட்களில் அவள் வளைவில் திரும்பும்போதே மூன்று பெண்பிள்ளைகள் அந்தப் படிகளில் குதித்து இறங்குவார்கள். இன்று ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை.

இன்றைக்கென்று பார்த்தா இப்படி நடக்க வேண்டும்? இன்று ஓ.எல். கணிதப் பரீட்சை. நாளை விஞ்ஞானம். மண்டபக் கதவைச் சாத்திவிட்டால் சாத்தியதுதான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ரோட்டோரம் நின்றால் காலில் அட்டை ஏறும். அதனால் வீட்டுக்குள் புத்தகத்தோடு உட்கார்ந்து, காதை மட்டும் ரோட்டில் வைத்திருப்பார்கள். நேசராணியின் பழைய டொல்பின் வேன் அடுத்த மலையில் வரும்போதே தோட்டம் முழுக்கக் கேட்கும்.

நேற்றுவரை கேட்டது.

சத்தத்தை நிறுத்தச் சொன்னது தோட்டத்துத் துரை. பங்களா நாய்கள் மிரளுகின்றனவாம். சரிசெய்யாவிட்டால் வேனைத் தோட்டத்து ரோட்டில் ஏற விடமாட்டாராம். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பெண்களைக் கூப்பிட விடியுமுன் தோட்டத்தில் ஊதுகிற சங்கு, மலை தாண்டிக் கேட்கும். அதற்கு மட்டும் அந்த நாய்கள் மிரளுவதில்லை. அப்படி ஒரு வளர்ப்பு.

நேற்று லுணுகலையில், கராஜ்காரர் றில்வான் அவளை ஓட்டவிட்டு, பக்கத்துச் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளத்தில் விழும்போது 'டொக்' என்று அடித்தது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் 'போல் ஜொயின்ட்'. பிரேக் பிடித்தால் முனகியது தேய்ந்துபோன புஷ். ஏற்றத்தில் கடகடத்தது சைலன்சர் குழாய்; அதைத் தாங்கும் ரப்பர் அறுந்து, குழாய் அடிச்சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மாற்றினார். மாற்றவே இல்லையென்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது என்பதற்காக, கழற்றிய சாமான்களைப் பேப்பரில் சுற்றி அவள் கையிலேயே கொடுத்தார்.

“இனி பூனை மாதிரிப் போகும் தங்கச்சி.”

போனது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சத்தத்தை நம்பி மேலே மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பெருமையில் மறந்தே போனாள்.

கை ஹோர்னுக்குப் போனது. எதிரே பலகை நின்றது: 'பங்களா எல்லை. ஹோர்ன் அடிக்கக் கூடாது.' ஒருமுறை அடித்தாலும் நாளைக்கு வேனுக்கு ரோடு கிடைக்காது. போனில் சிக்னல் இல்லை. படியேறிக் கூட்டிவர அரை மணியாகும். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள், பதிலில்லை. வழியில் ஏற்கெனவே ஏறி வேனுக்குள் இருந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நேசராணிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நாயின் தூக்கம் கெடக்கூடாது, பிள்ளைகளின் பரீட்சை கெட்டால் பரவாயில்லையா?

சீட்டுக்கு அடியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும், கம்பிப் பிடி வைத்த தகர டின் இருந்தது. தண்ணீரைக் கீழே கொட்டினாள். பேப்பரைப் பிரித்து, தேய்ந்த போல் ஜொயின்டையும் இரும்புப் புஷ்களையும் துருப்பிடித்த போல்ட்களையும் டின்னுக்குள் போட்டாள். இறங்கிப்போய், அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்று, இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள்.

நேற்றுவரை வேனுக்கு அடியில் கேட்ட அதே கடகடப்பு.

பங்களா நாய்கள் குரைக்கத் தொடங்கின. குரைக்கட்டும், அவையும் சேர்ந்து கூப்பிடட்டும் என்று இன்னும் பலமாகக் குலுக்கினாள்.

இரவுக் காவல் முடியாத பங்களா வாச்சர் இராசையா கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

“நேத்துதானே வண்டியச் செஞ்சீங்க? மறுபடியும் என்ன சத்தம்னு தொரை கேக்குறாரு.”

“வண்டி சும்மாதான் நிக்குது அண்ணே. சத்தம் போடுறது நேசராணின்னு போய்ச் சொல்லுங்க.”

மேலே படிக்கட்டில் செருப்புகள் தடதடத்தன. ஒருத்தி வந்தாள். இன்னொருத்தி வந்தாள். கடைசியாக, அவிழ்ந்த பின்னலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தது இராசையாவின் மகள்.

மகள் வேனில் ஏறும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேசராணியின் கையிலிருந்த டின்னை வாங்கினார். துரையிடம் கொண்டுபோய்க் காட்டப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவர் அதைப் பலகையின் ஆணியில் மாட்டினார், நாளைக்கும் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில்.