பாப்கார்ன் கவுன்டரில் ஒரு க்ளைமாக்ஸ்

"கொலை பண்ணவனக்கூட மன்னிச்சிடுவேன் மச்சி. படத்தோட கதைய வெளிய சொன்னவன மட்டும் மன்னிக்கவே மாட்டேன்!"

காலை ஒன்பது மணிக் காட்சி. அடையாறு பக்கத்துத் தியேட்டர் வரிசையில் நின்று ஜாஸ்பர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தான். பெசன்ட் நகரில் வீடு, கிண்டியில் வேலை, புதுப்படம் வரும் வெள்ளிக்கிழமை தவறாமல் வயிற்றுவலி லீவு. 'ஜாஸ்பர் பாத்துட்டான்' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறான். படம் முடிந்ததும் தியேட்டர் படியிலேயே நின்று லைவில் விமர்சனம். கதையைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டான். சேனலின் பெருமையே அதுதான்.

"அடிதடிப் படம்னா ஹீரோவுக்கும் நாலு அடி விழணும். இல்லேன்னா அது சண்டை இல்ல, துணி துவைக்கிறது. காமெடிப் படத்துல நடிக்கிறவன் சிரிச்சா நமக்குச் சிரிப்பு வராது. காதல் படத்துல மழை வந்தா ரெண்டு மார்க் கட்!"

"பேய்ப் படம்?" என்று கேட்டான் ஸ்ரீஹரி. மயிலாப்பூர்க்காரன், சேனலுக்குக் கேமரா பிடிப்பவன்.

"பேய் எதுக்கு வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியக் கூடாது மச்சி. அதுலதான் உயிரே இருக்கு!"

அன்றைக்கும் பேய்ப் படம்தான். முதல் பாதி அமர்க்களம். கிணற்றடிப் பேய் ஒன்று, ஊரை விட்டுவிட்டு ஒரே ஒரு சின்னப் பெண்ணை மட்டும் விரட்டுகிறது. ஏன்? ஜாஸ்பருக்குத் தலை வெடித்தது. இடைவேளையில் பாப்கார்ன் கவுன்டருக்குப் பறந்தான்.

அவனுக்கு முன்னால் ஒரு அம்மா. அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் ஒன்று, "உள்ள வேணாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்று தேம்பித் தேம்பி அழுதது.

கவுன்டரில் நின்ற டயானா குனிந்தாள்.

"இன்னாத்துக்குக் கண்ணு அழுவுற? அது கெட்ட பேயி இல்ல. அந்தப் பாப்பாவோட செத்துப்போன அம்மாதான் அது. புள்ள கெணத்துல வுழுந்துடப் போவுதேன்னு பின்னாலயே ஓடிக்கினு கீது. கடைசில பாரு, தலையத் தடவிக் குடுத்துட்டுப் போயிடும்."

"நெஜமா ஆன்ட்டி?"

"நெஜமாத்தான். போ, தைரியமா பாரு."

அழுகை நின்றது. குழந்தை பாப்கார்னில் கையை விட்டது.

ஜாஸ்பருக்கு ரத்தம் கொதித்தது.

"ஏம்மா, அறிவிருக்கா? இத்தனை பேர் நிக்கிறோம், க்ளைமாக்ஸைப் போட்டு உடைக்கிற! மேனேஜர் எங்க?"

மேனேஜர் அஃப்தாப் ஓடி வந்தார்.

"சார், நான் படமே..." என்று டயானா வாயெடுத்தாள்.

"நீ பேசாத! சார், என் சேனல்ல இதை மட்டும் சொன்னேன்னா உங்க தியேட்டர் மானம் போயிடும்."

அஃப்தாபுக்கு வியர்த்துவிட்டது. "டயானா, ஆபீஸ் ரூமுக்கு வா. நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்."

சினிமாவையே காப்பாற்றிவிட்ட நெஞ்சோடு ஜாஸ்பர் உள்ளே போனான்.

இரண்டாம் பாதி ஓடியது. பேய்க்குள்ளிருந்து அம்மா வருவாள், வருவாள் என்று பார்த்தான். வரவில்லை. ஒரு சாமியார் வந்தார், எலுமிச்சம்பழம் வந்தது, தீ வந்தது, பேய் சாம்பலானது. அது எதற்காக அந்தப் பெண்ணை விரட்டியது என்பதை டைரக்டரே மறந்துவிட்டார்.

வெளியே வந்தவன், கதவருகே நின்ற மெஹபூப் பாஷாவைப் பிடித்தான். டிக்கெட் கிழிப்பவர்.

"பாய், அந்தப் பாப்கார்ன் அம்மா சொன்ன க்ளைமாக்ஸ் வரவே இல்லியே?"

"அது எங்க சார் படம் பாத்துச்சு? மூணு வருசமா கீது, ஒரு படம் பாத்தது இல்ல. படம் ஓடிக்கினு கீறப்ப சோளம் பொரிக்கணும், இன்டர்வெல்ல விக்கணும். புள்ளைங்க பயந்து அழுதா மனசு கேக்காது, எதனா ஒரு கதை கட்டி வுடும்." குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஆபீஸ் ரூம்லதான் நிக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வேலை தப்பிக்கும் சார்."

ஜாஸ்பருக்குச் சுருக்கென்றது. "சொல்றேன் பாய், இதோ" என்று இரண்டு எட்டு வைத்தான்.

"டேய், மத்த சேனல்லாம் ஆரம்பிச்சிட்டாங்கடா!" என்று படியிலிருந்து கத்தினான் ஸ்ரீஹரி.

"அஞ்சே நிமிஷம் பாய்!"

ஓடினான். லைவ் தொடங்கியது.

"வணக்கம் மக்களே! ஜாஸ்பர் பாத்துட்டான்! முதல் பாதி வெறித்தனம், ரெண்டாம் பாதி புஸ்வாணம். நான் மட்டும் டைரக்டரா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா?" கொஞ்சம் நிறுத்தினான். "அந்தப் பேய் வேற யாரும் இல்ல. அந்தப் பொண்ணோட செத்துப்போன அம்மா! புள்ள கிணத்துல விழுந்துடக் கூடாதுன்னு பின்னாலயே ஓடுறா. கடைசில தலையைத் தடவிக் குடுத்துட்டு மறைஞ்சு போறா!"

லைவ் திரையில் இதயங்கள் பறந்தன. 'ப்ரோ, புல்லரிக்குது!' 'சீக்கிரம் படம் எடுங்க ப்ரோ!' ஆயிரத்து எண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சொல்ல ஜாஸ்பருக்கே கண் கலங்கியது. சொந்தப் பிள்ளையைக் கொஞ்சுவது போல அந்தக் கதையை இன்னொரு தடவை சொன்னான்.

அப்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய அந்தச் சின்னப் பெண், சரியாகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது.

"அம்மா! இது நம்ம பாப்கார்ன் ஆன்ட்டி சொன்ன கதைம்மா! இந்த அங்கிள்கூட அவங்களத் திட்டினாரே!"

லைவை நிறுத்த வேண்டும் என்று ஸ்ரீஹரிக்குத் தோன்றவே இல்லை.

பறந்த இதயங்கள் நின்றன. திரையில் முதல் கேள்வி வந்து விழுந்தது.

'ப்ரோ, யாரு அந்த ஆன்ட்டி?'