முதல் சிவப்பு உறை

“உங்க நூடுல்ஸ் பாக்கி மூவாயிரத்து நானூற்றி நாற்பது டாலர், ஷாவ் அண்ணே! நாளைக்குக் கடை வாடகை கட்டணும். இந்தத் தடவையும் கட்டலேன்னா அடுப்பையே தூக்கிட்டுப் போயிடுவான்.”

கரண்டியை ஆட்டிக்கொண்டே கேட்டாள் சியூச்சின். தைபேயில் பாட்டரங்கத்துக்குக் கீழே, சந்து முனையில் அவளுடைய நூடுல்ஸ் கடை.

“வெள்ளிக்கிழமை பென்ஷன் வந்துடும் தங்கச்சி.” பழைய சிப்பாயான ஷாவ் தலையைச் சொறிந்தார். “வழக்கம்போல ரெண்டு பொட்டலம். ஒண்ணு காரமில்லாம. வீட்டுக்காரிக்கு ஒத்துக்காது.”

“எத்தனை வெள்ளிக்கிழமையைத்தான் பார்க்கிறது!” முணுமுணுத்துக்கொண்டே கட்டிக் கொடுத்தாள். அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோபத்தில் இரண்டிலுமே மிளகாய் எண்ணெயை ஊற்றிவிட்டாள்.

“ஐயோ, அந்தப் பொம்பளை என்ன பாடு படப்போறாளோ!”

சாப்பிட்டுக்கொண்டிருந்த முடிதிருத்துபவர் சிரித்தார். “நீ அந்தம்மாவுக்காகப் பரிதாபப்படு. ஐயா தினம் மூணு மணிக்கு மாடியில உட்கார்ந்து, பாட்டுக்காரி யுன்லானுக்குச் சிவப்பு உறை நீட்டிக்கிட்டிருக்கார்.”

சிவப்பு உறை என்றால் உள்ளே பணம். சியூச்சினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு மாடியேறினாள்.

தெருவில் கேசட் கடை இளசுகளின் புதுப்பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தது. மாடியிலோ ஷாங்காயிலிருந்து கப்பலேறி வந்த பழைய பாட்டுகள். அந்தக் காலத்தில் பட்டாள முகாமில் ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து அவற்றைக் கேட்ட பையன்கள், இப்போது நரைத்த தலையோடு, தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் ஜிகினா உடையில் யுன்லான். ஐம்பதைத் தாண்டிய வயது, இருபதின் சிரிப்பு. ஆனால் பாட்டு உச்சிக்குப் போகும் இடத்தில் குரல் கம்மியது. இருமினாள். கூட்டம் நெளிந்தது. இன்று ஒருத்தரும் உறையோடு எழுந்திருக்க மாட்டார் போலிருந்தது.

முன்வரிசையிலிருந்து ஷாவ் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்குப் போய், இரண்டு கையாலும் சிவப்பு உறையை நீட்டினார்.

“இந்தக் குரல்தான் என்னை உயிரோட வெச்சிருக்கு!”

அவ்வளவுதான். மற்ற கிழவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஷாவுக்கு நான் என்ன இளைத்தவனா என்று ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். பார்த்துக்கொண்டிருந்த சியூச்சினின் வயிறு எரிந்தது.

இடைவேளையில் பின்பக்கப் படிக்கட்டில் பாடகியை மடக்கினாள். பக்கத்தில் நின்றிருந்த ஷாவ், அவளைக் கண்டதும் வெளிறிப்போனார்.

“ஏம்மா, உனக்கே நல்லாயிருக்கா இது? இந்த மனுஷன் என்கிட்ட மூவாயிரத்து நானூற்றி நாற்பது கடன் வெச்சிட்டு, உன் கையில பணத்தைக் கொட்டுறார். வீட்டுல ஒருத்தி இருக்கா, தெரியுமா?”

“தெரியும்,” என்றாள் யுன்லான், கரகரத்த குரலில். பிறகு திரும்பி ஷாவை முறைத்தாள். “வெறும் உறையை நீட்டினா போதும், மத்தவங்க தானா எழுந்து வருவாங்கன்னுதானே சொன்னேன்? தினம் உள்ளே எண்பது டாலர் இருந்துச்சே, அது நூடுல்ஸ் காசா?”

ஷாவ் தரையைப் பார்த்தார். “நீ அப்படிப் பாடி முடிச்சதும்... வெறும் உறையை நீட்ட மனசு வரலை.”

சியூச்சினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யுன்லான் அன்றைய உறைகளைப் பிரித்து, மூவாயிரத்து நானூற்றி நாற்பதையும் எண்ணி அவள் கையில் வைத்து மூடினாள்.

“கணக்கு தீர்ந்துது அக்கா. எனக்குப் புருஷன் இருக்கிறது மட்டும் உள்ளே இருக்கிற கிழவருங்களுக்குத் தெரிய வேண்டாம். அப்புறம், நாளையிலேர்ந்து என் பொட்டலத்துல மிளகாய் எண்ணெய் ஊத்திடாதீங்க. இன்னிக்கு என் தொண்டை போயே போச்சு!”