குருநாதர் சொன்னபடி

"தன் தட்டைத் தானே கழுவாதவன் வாளைத் தொடக்கூடாது. சொன்னது யாருன்னு தெரியுமா, மாப்ளே?"

சமையலறைத் தொட்டியின் முன்னால், முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றுகொண்டு மாமா கேட்டார். லிஃப்ட் மெக்கானிக்கான மைத்துனன் ஒரு செருப்பைக் கழற்றியவன் இன்னொன்றைக் கழற்ற மறந்து நின்றான். அக்காவுக்குக் கல்யாணமான நாளாக, மாமா தட்டைத் தொட்டது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

"யாரு மாமா?"

"பனிமலைக் குருநாதர். நீயெல்லாம் அனிமே பாக்குறதே இல்லையா?"

மாமா ஒரு பெரிய கம்பெனியில் கொள்முதல் பிரிவின் தலைவர். அங்கே 'தலைமைப் பண்பு' சொல்லித்தர வந்த ஒரு பயிற்சியாளர், அதிகாரிகள் எல்லாரும் இன்ன ஜப்பானிய அனிமேத் தொடரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவரை அதைப் பொம்மைப் படம் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமா, மறுநாளிலிருந்து தத்துவம் என்று சொல்ல ஆரம்பித்தார். தட்டு வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, அலுவலகத்தில் கை கழுவும் இடத்தில் ஒட்டியும்விட்டார். தொடரைப் பார்த்திருந்த நாலைந்து பேர் அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பள உயர்வு போடும் சமயம் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மைத்துனனும் அந்தத் தொடரைப் பஸ்ஸில் போகவர செல்போனில் இரண்டு தடவை பார்த்தவன்தான். அதில் தட்டு எங்கே வந்தது என்று அவனுக்கும் பிடிபடவில்லை. ஆனால் அவன் வந்தது தட்டைப் பற்றிப் பேச அல்ல.

அக்கா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்கிறாள். குடும்பத்தில் அதற்குப் பெயர் டைப்பிங். எதை டைப் செய்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை. இப்போது அவளுடைய கம்பெனி, வேறு ஊரிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு வந்து ஆறு மாதம் ஒரு குழுவை நடத்தித் தரும்படி கூப்பிட்டிருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். "டைப் அடிக்க எதுக்கு ஊர் விட்டு ஊர் போகணும்?" என்று மாமா ஒரே கேள்வியில் அதற்குச் சமாதி கட்டியிருந்தார்.

"மாமா, அக்கா வேலை விஷயமா..."

"அது முடிஞ்ச பேச்சு. உக்காரு. இன்னைக்குக் கடைசி எபிசோடு."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். சும்மா இரு என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். பிறகு டிவியின் பின்னால் ஒரு பென் டிரைவைச் செருகினாள்.

"நெட்டுல பாத்தா இவருக்கு நின்னு நின்னு வருதாம். அதான் வாராவாரம் எறக்கி வெச்சிடுறேன்," என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கினாள்.

திரையில் பனி கொட்டியது. பேச்சு புரியாத பாஷையில் போக, கீழே தமிழில் எழுத்து ஓடியது. கணப்பின் பக்கத்தில் குருநாதர் தாடியோடு உட்கார்ந்திருந்தார். மூட்டையும் வாளுமாகச் சிஷ்யை ஒருத்தி வாசல் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"இந்த இடத்தை நல்லாப் பாருங்க," என்றாள் அக்கா, ஒரு சட்டைக்கு மடிப்பு எடுத்தபடி.

குருநாதர் வாயைத் திறந்தார். கீழே எழுத்து வந்தது: 'போகிறவளை மறிக்கும் கதவு, நாளை உன்னையே உள்ளே வைத்துப் பூட்டும்.'

சிஷ்யை வணங்கிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாமா ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி, அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"பாத்தியா மாப்ளே? எம்மாம் பெரிய விஷயத்தை ஒரே வரியில அடிச்சுட்டான். நம்ம ஆளுங்களுக்கு இப்படி எழுத வருமா?"

"வராது மாமா."

"மனசு வேணும்டா அதுக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "இந்தா, உன் ஆபீஸ்ல வர்றேன்னு சொல்லிடு. ஆறு மாசம்தானே. நான் கதவா நிக்க மாட்டேன்."

"உங்க சாப்பாடு?"

"மூணாவது எபிசோடுல குருநாதர் என்ன சொன்னாரு? தன் பசிக்குத் தானே அடுப்பு மூட்டுறவன்தான் வீரன்."

"அது அஞ்சாவதுல," என்றாள் அக்கா, சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா அந்தக் கதவு வசனத்தைக் கம்பெனி நண்பர்களுக்கு அனுப்ப செல்போனைத் தேடிக்கொண்டு அறைக்குள் போனார். காபி போடப் போன அக்காவின் பின்னாலேயே மைத்துனனும் போனான்.

"அக்கா, நான் இதை ரெண்டு தடவை பாத்தவன். அந்த இடத்துல கிழவன் 'கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது'ன்னுதானே சொல்வான்? செல்போன்ல பாத்தப்ப கீழே தமிழ்ல அப்படித்தானே வந்துச்சு?"

அக்கா பாலை அடுப்பில் வைத்தாள்.

"அதுவும் நான் டைப் அடிச்சதுதான்டா," என்றாள். "அது ஊருக்கு. இது வீட்டுக்கு."