புரட்டாத பக்கம்

அவர் மூச்சு எடுத்தார்.

பாடப்போவது அவர் இல்லை. அவர் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பாடப்போகிறவள் பெனிட்டா. அவள் மூச்சு எடுத்த அதே நேரத்தில் நோயலும் எடுத்தார்.

இடப்பக்க நாற்காலியில் இருந்த அவர் மனைவிக்கு அது கேட்டது.

கூடவே மூச்சு எடுக்காவிட்டால் பாடுகிறவருக்குத் துணையாக வாசிக்க முடியாது என்று அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். இருக்கலாம். வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ரிமோட்டைத் தேடுகிற மனுஷர். இங்கே அடுத்தவள் மூச்சுக்குக் காத்துக் கிடக்கிறார்.

வயிறு எரிந்தது.

வேப்பேரியில் ஒரு சர்ச் ஹால். சாயங்காலப் புழுக்கம். எல்லாம் ஷூமான் என்ற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரின் பாட்டுகள். ஊரே பாடுகிறதை விட்டுவிட்டு, ஷூமான் தன் கடைசிக் காலத்தில் எழுதி, யாரும் அதிகம் சீண்டாத பாட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள்.

நோயலும் பெனிட்டாவும் சேர்ந்து பொறுக்கினார்கள். வியாழக்கிழமைதோறும், பெனிட்டா வீட்டில்.

மனைவிக்கு, பியானோ மேல் விரித்த இசைக்குறிப்பில், அதாவது நோட்ஸில், பக்கம் புரட்டுகிற வேலை.

வளையலைக் கழற்றி வைத்துவிட வேண்டும், சத்தம் வரும். அவர் தலையசைத்ததும் எழுந்து, இடது கையால் மேல்முனையைப் பிடித்துப் புரட்டிவிட்டு உட்கார வேண்டும். கைதட்டல் வந்தால் அவர்கள் இருவரும் தலை வணங்குவார்கள். அவள் தரையைப் பார்க்க வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, பெனிட்டா நன்றாகத்தான் பாடினாள். அதுதான் இன்னும் எரிந்தது.

நோயல் நோட்ஸைப் பார்க்கவே இல்லை. பெனிட்டாவின் தோள் ஏறுவதையும் இறங்குவதையுமே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் மனைவி பக்கமாக அசைத்தார். ஓட்டல் சர்வரிடம் காபி சொல்கிற மாதிரி.

கடைசிப் பாட்டு.

பெனிட்டா முடிக்கும் இடம் மனைவிக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒரு பக்கம் முழுக்கப் பியானோ மட்டும்தான். பாடுகிறவள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டில் அவர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது அவள் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

பெனிட்டா முடித்தாள்.

பாட்டு தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள்.

நோயல் தலையசைத்தார்.

அவள் எழவில்லை.

ஒரே ஒரு தடவை தடுமாறட்டும். தடுமாறி என் பக்கம் திரும்பட்டும். அவ்வளவுதான் வேண்டும் அவளுக்கு.

திரும்பினார்.

அவளைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

கைகள் நிற்கவில்லை.

கைதட்டல் அசடு வழிந்து அடங்கியது. புரட்டாத பக்கத்தை அவர் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கடைசிவரை.

மனப்பாடம். எல்லாமே மனப்பாடம்.

அப்படியென்றால் நான் எதற்கு? அவள் எழுந்தாள். தலை வணங்கிக்கொண்டிருந்த இருவரையும் பார்க்காமல் பக்கத்து அறைக்கு வந்து, கைப்பையைத் திறந்து வளையலை மாட்டத் தொடங்கினாள்.

பெனிட்டா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். வெளியே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கை வலிக்குதாக்கா? நானும் சொல்லிப் பாத்துட்டேன். வியாழக்கிழமை நோட்ஸே கொண்டுவர்றதில்ல, கச்சேரிக்கு மட்டும் எதுக்குண்ணே, அக்காவ ஏன் சிரமப்படுத்துறீங்கன்னு. கேட்டாத்தானே."

பாட்டிலை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். இன்னொரு பாட்டு கேட்கிறார்கள்.

வளையல் பாதிக் கையில் நின்றது.

அவள் கதவோரம் வந்து பார்த்தாள். பெனிட்டா தன் இடத்தில் போய் நின்றுவிட்டாள். நோயல் நோட்ஸை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஓரங்களை மெனக்கெட்டு நீவிவிட்டார்.

இடப்பக்க நாற்காலி காலியாக இருந்தது.

பெனிட்டா மூச்சு எடுத்தாள்.

நோயல் எடுக்கவில்லை.

பெனிட்டா அவரைத் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் வளையலைக் கழற்றினாள்.