மூச்சு அறுந்த இடம்

“அந்த ஒரு பாட்டை மட்டும் விட்டுடும்மா. மத்ததை ஊருக்கே போட்டுக் காட்டிக்கோ.”

எவாந்தியா காபிக் கோப்பையைக் கொஞ்சம் வேகமாகவே மேசையில் வைத்தாள். பழைய இசைத்தட்டுகளைத் தேடி ஏதென்ஸிலிருந்து வந்திருந்த மெல்போ, டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

பிழைக்கப் போன கிட்சோஸ் சிகாகோவில் கிளாரினெட் வாசித்துப் பதிவான தட்டுகள் நாலே நாலு. அவற்றைத் திரும்ப வெளியிட, அவர் மனைவி எவாந்தியாவின் சம்மதம் வேண்டும்.

“அதுதாம்மா நாலுலயும் உசத்தி. ஏன் வேண்டாங்கறீங்க?”

“நடுவுல வாசிப்பு அறுந்து போகுதே, கேக்கலையா நீ? குடிச்சிட்டு மூச்சு பிடிக்க முடியாம நின்னிருக்கார். செத்தவரைப் பார்த்து ஊர் சிரிக்கணுமா?”

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், புருஷனை நாலு பேர் கேலி பேசுவதை அவளால் தாங்க முடியாது.

“குடிச்சார்னு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? எனக்குக் காது இல்லையா? தட்டு வந்த அன்னிக்கு மாமனாரோட காபிக்கடையிலதான் போட்டாங்க. பொம்பளைங்க அங்கே நுழைய முடியுமா? எங்க பேரைக்கூட அங்கே எடுக்க மாட்டாங்க. தெருவுக்கு அந்தப் பக்கம், குழாயடியில நின்னு கேட்டேன். அவ்வளவு தூரத்துக்குக் கிளாரினெட் மட்டும் கணீர்னு வந்துச்சு. திடீர்னு நின்னுச்சு. கடைக்குள்ள ஒரே சிரிப்பு. ‘நாலு ஆம்பளைங்க நடுவுல மானத்தை வாங்கிட்டானே பாவி’ன்னு கத்தி, மாமனார் தட்டைத் தூக்கிப் போட்டு உடைச்சார்.”

“நீங்க யாரையும் விசாரிக்கலையா?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு விசாரிக்கிறது? அப்புறம் கப்பல் டிக்கெட் அனுப்பினார், கிளம்பி வான்னு. குடிகாரனோட குப்பை கொட்ட நான் வரலைன்னு திருப்பி அனுப்பிட்டேன். அங்கேயே தனியாக் கிடந்து செத்தார். போயிருந்தா திருத்தியிருக்கலாம். பிடிவாதக்காரி நான்.”

மெல்போ, அந்தத் தட்டைப் பதிந்து கொண்டுவந்திருந்த டேப் ரிக்கார்டரை மேசையில் வைத்தாள்.

“அந்தக் காலத் தட்டுல எல்லாம் நடுவுல கூட வாசிக்கிறவங்க பேரைச் சொல்லி ‘வாழ்க’ன்னு கூவுவாங்க இல்லையா? இவரு...” என்று ஆரம்பித்தவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். “நீங்களே ஒரு தடவை பக்கத்துல இருந்து கேளுங்கம்மா.”

பொத்தானை அழுத்தினாள். கிளாரினெட் ஏறியது, குழைந்தது. அந்த இடம் நெருங்கியதும் எவாந்தியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசிப்பு சட்டென்று அறுந்தது.

குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, துளியும் தள்ளாடாத குரலில், கிட்சோஸ் உற்சாகமாகக் கூவினார்: “வாழ்க, என் பெண்டாட்டி எவாந்தியா!”